“கட்டியிருக்கலாமே” என்று கணக்கெழுதும் கணினி

போக்கர் என்ற சீட்டாட்டத்தின் பயிற்சிக்கென்று விற்கப்படும் மென்பொருள்களில் எதை வாங்கினால் ஆட்டம் தேறும் என்று வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருந்தார். பணம் வைத்து ஆடும் எண்ணமில்லை என்றும், வார இறுதியில் நண்பர்களோடு பிளாஸ்டிக் வில்லைகளை வைத்து ஆடும்போது தொடர்ந்து தோற்பதுதான் உறுத்துகிறது என்றும் சேர்த்திருந்தார். நல்லதுதான், 2025 ஆகஸ்டில் இயற்றப்பட்ட மத்தியச் சட்டத்தின்படி, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நடத்துவதே இந்தியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் அவருடைய கேள்விக்கு விலைப்பட்டியலைப் பார்த்து விடை சொல்ல முடியாது. அந்த மென்பொருள்களின் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், எதை வாங்கலாம் என்பது தானாகவே விளங்கிவிடும்.

கடையில் கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஆடி முடித்த ஆட்டங்களைச் சேகரித்துப் புள்ளிவிவரம் தருபவை ஒரு வகை. போக்கர் டிராக்கர் அப்படிப்பட்டது. கையிலிருக்கும் இரண்டு சீட்டுகள் வெல்வதற்கு எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று சொல்லும் கணிப்பான்கள் இரண்டாவது வகை. 52 சீட்டுகளிலிருந்து இரண்டை 1,326 விதமாக எடுக்கலாம், வகைப்படுத்தினால் அவை 169-ஆகச் சுருங்கும் என்ற பள்ளிக்கூடக் கணக்கே அதற்கு அடிப்படை என்பதால், அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. மூன்றாவது வகைதான் சால்வர் எனப்படுவது: எந்த இடத்தில் எந்தக் கையோடு எத்தனை தடவை கட்டுவது, எத்தனை தடவை விலகுவது என்று கணக்குப் போட்டுச் சொல்வது. பியோசால்வர், ஜிடிஓ பிளஸ், மங்கர்சால்வர் ஆகியவையும், முன்கூட்டியே தீர்த்துவைத்த விடைகளை இணையத்தில் அடுக்கிவைத்திருக்கும் ஜிடிஓ விசார்டும் இந்த இனத்தைச் சேர்ந்தவை. இன்றைக்குப் பயிற்சி என்றால் பெரும்பாலும் இவற்றோடு உட்காருவதுதான்.

சதுரங்க நிரல் போல “நான் இப்படி, அவர் அப்படி” என்று முன்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனால் போதாதா என்று தோன்றலாம். சதுரங்கத்தில் பலகை முழுவதும் இருவர் கண்ணுக்கும் தெரிகிறது. போக்கரில் எதிராளியின் சீட்டு தெரியாது என்பது ஒரு சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், நான் நல்ல சீட்டு வந்தால் மட்டுமே பந்தயம் கட்டுகிறவன் என்று எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் என் நல்ல சீட்டுக்கும் மதிப்பு போய்விடும் என்பது. நான் கட்டியதும் அவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு எழுந்துவிடுவார். ஆகவே வெறும் கையை வைத்துக்கொண்டும் அவ்வப்போது கட்ட வேண்டும், அதுதான் ப்ளஃப். கேள்வியெல்லாம், எத்தனை தடவைக்கு ஒரு தடவை என்பதுதான். அதற்குத் துணிச்சலோ முகபாவமோ விடையாகாது. அதற்கு ஓர் எண் இருக்கிறது.

அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் வழிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி என்பதால், இங்கே சற்று நிதானமாகவே போகிறேன்.

ஓர் ஆட்டத்தின் கடைசிப் பந்தயக் கட்டம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 100 வில்லைகள் கிடக்கின்றன. உங்களுக்குப் பாதி வாய்ப்பில் எதிராளியால் வெல்லவே முடியாத வலுவான கையும், பாதி வாய்ப்பில் தோற்பதற்கென்றே அமைந்த வெறுங்கையும் வரும். எதிராளியிடம் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு கை இருக்கிறது. நீங்கள் 50 வில்லைகள் கட்டலாம், அல்லது சும்மா விடலாம். கட்டினால், அவர் பதிலுக்கு 50 வைத்து ஈடுகொடுக்கலாம், அல்லது விலகலாம். வலுவான கையோடு எப்போதும் கட்டுவீர்கள் என்பதில் சந்தேகமில்லை. வெறுங்கையோடு என்ன செய்வது?

கணினிக்கு ஒன்றும் தெரியாது என்பதால் பூவா தலையா போட்டுத் தொடங்குகிறது. முதல் சுற்றில் வெறுங்கையோடு பாதித் தடவை கட்டுகிறது, எதிராளியாக நின்றும் பாதித் தடவை ஈடுகொடுக்கிறது. பிறகு உட்கார்ந்து வருந்துகிறது. வெறுங்கையோடு எப்போதும் கட்டியிருந்தால் சராசரியாக 25 கிடைத்திருக்கும், சும்மா விட்டிருந்தால் சுழியம், கலந்து ஆடியதால் கிடைத்தது 12.5. ஆக, “கட்டியிருக்கலாமே” என்ற வருத்தம் 12.5 என்று ஒரு நோட்டில் எழுதிக்கொள்கிறது. சும்மா விடாததற்கான வருத்தம் −12.5, அதாவது விடாமல் போனதே நல்லது என்ற நிம்மதி. எதிராளியின் நோட்டிலும் இதே போல “ஈடுகொடுத்திருக்கலாமே” என்ற பக்கத்தில் ஒரு தொகை ஏறுகிறது.

அடுத்த சுற்றுக்கான விதி ஒரே வரிதான்: எந்தச் செயலுக்கு எவ்வளவு வருத்தம் சேர்ந்திருக்கிறதோ, அந்த விகிதத்தில் அந்தச் செயலை ஆடு, வருத்தம் சுழியத்துக்குக் கீழே இருந்தால் அந்தப் பக்கமே போகாதே. ஆகவே இரண்டாம் சுற்றில் இருவரும் வெறி பிடித்தது போல ஆடுகிறார்கள்: இவர் எப்போதும் கட்டுகிறார், அவர் எப்போதும் ஈடுகொடுக்கிறார். ஒவ்வொரு ப்ளஃபிலும் 50 வில்லைகள் நஷ்டம். “சும்மா விட்டிருக்கலாமே” என்ற பக்கத்தில் 50 ஏறி, முந்தைய −12.5 போக 37.5 ஆகிறது, கட்டும் பக்கத்தில் பழைய 12.5 அப்படியே நிற்கிறது. ஒன்றுக்கு மூன்று என்ற விகிதம் வந்துவிட்டதால், மூன்றாம் சுற்றில் நாலில் ஒரு தடவை மட்டும் ப்ளஃப். அதுவும் அடிபடுகிறது, நாலாம் சுற்றிலிருந்து ஒன்பதாம் சுற்று வரை ப்ளஃப் என்ற பேச்சே இல்லை. அதற்குள் எதிராளிக்குப் பாடம் ஏறிவிடுகிறது: இவர் கட்டினால் கையில் சரக்கு இருக்கிறது என்று அவர் விலகத் தொடங்குகிறார். உடனே இந்த நோட்டில் “கட்டியிருக்கலாமே” மீண்டும் வளர்ந்து, பத்தாம் சுற்றில் ப்ளஃப் மூன்றில் இரண்டு பங்கை எட்டும் அளவுக்குத் திரும்பி வருகிறது.

இப்படியே இருவரும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டு சுற்றுகிறார்கள். எந்தச் சுற்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் பைத்தியக்காரத்தனம்தான் தெரியும். ஆனால் எல்லாச் சுற்றுகளின் சராசரியை எடுத்தால், அது மெல்ல மெல்ல ஓரிடத்தில் போய் அமர்கிறது: வெறுங்கையில் மூன்றில் ஒரு பங்கு ப்ளஃப், எதிராளி மூன்றில் இரண்டு பங்கு ஈடுகொடுத்தல். அந்த எண்களைக் காகிதத்தில் நேரடியாகவும் சரிபார்க்கலாம். எதிராளி மூன்றில் இரண்டு தடவை ஈடுகொடுத்தால், உங்கள் ப்ளஃபில் வரும் ஆதாயமும் நஷ்டமும் துல்லியமாகச் சமமாகி, கட்டினாலும் விட்டாலும் ஒன்றே என்ற நிலை வருகிறது. இருவரில் எவரும் தனியாக மாறி லாபம் பார்க்க முடியாத இந்த இடத்துக்குத்தான் நாஷ் சமநிலை என்று பெயர். முதன்முறை இதை என் மடிக்கணினியில் எழுதி ஓட்டியபோது, கடைசிச் சுற்றின் எண்ணைப் பார்த்துவிட்டு நிரலில் பிழை என்று ஒரு மாலை முழுவதும் தேடிக்கொண்டிருந்தேன். சராசரியை அச்சிட மறந்திருந்தேன் என்பதைத் தவிர அதில் பிழை ஏதும் இல்லை.

உண்மையான போக்கரில் முடிவெடுக்க வேண்டிய இடங்கள் கோடிக்கணக்கில் கிளைபிரிகின்றன. அவை ஒவ்வொன்றிலும் இப்படியொரு நோட்டை வைத்தால் போதும் என்று காட்டியவர்கள், கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டின் சிங்கெவிச், மைக்கேல் பௌலிங் உள்ளிட்ட நால்வர், ஆண்டு 2007. சிஎஃப்ஆர் (counterfactual regret minimization) என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்த முறையின் நுட்பம், வருத்தத்துக்கு எடை போடும் விதத்தில் இருக்கிறது. ஓர் இடத்தில் தோன்றும் வருத்தத்தை, “நான் இங்கே வந்தே தீர்வது என்று ஆடியிருந்தால், சீட்டுப் பகிர்வும் எதிராளியும் என்னை இங்கே கொண்டுவந்து சேர்க்கும் வாய்ப்பு எவ்வளவு” என்ற எண்ணால் பெருக்க வேண்டும். என் சொந்த வாய்ப்பை மட்டும் கணக்கில் சேர்க்கக் கூடாது. சேர்த்தால், நான் அரிதாகவே போகும் பாதைகளில் பாடமே ஏறாது. இப்படி எடைபோட்டால், மூலைமூலையாக இருக்கும் சின்னச் சின்ன வருத்தங்களைத் தனித்தனியே குறைப்பது முழு ஆட்டத்தின் வருத்தத்தையும் குறைத்துவிடும் என்று அவர்கள் நிறுவினார்கள். இந்தக் கிளைகளெல்லாம் சேர்ந்த முழு மரத்தையும் ஒரே பார்வையில் அளக்க வேண்டிய தேவை அதோடு ஒழிந்தது.

அதே பல்கலைக்கழகம் 2015 ஜனவரியில், இருவர் ஆடும், பந்தய அளவு வரையறுக்கப்பட்ட டெக்ஸாஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையைத் தீர்த்துவிட்டதாக அறிவித்தது. இம்முறையின் மேம்பட்ட வடிவம் ஒன்றை 4,800 கணினிச் செயலிகளில் (CPU) 68 நாட்கள் ஓட்டினார்கள். 1,579 சுற்றுகளிலேயே கணக்கு முடிந்தது. மிச்சமிருந்த குறை, அதாவது மிகச் சிறந்த எதிராளியால்கூட ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பறிக்க முடிந்தது, பெரிய கட்டாயப் பந்தயத்தில் (சீட்டைப் பார்க்கும் முன்பே வைத்தாக வேண்டிய ‘பிக் பிளைண்ட்’) ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒருவர் வாழ்நாள் முழுவதும் அதனோடு ஆடினாலும் அந்தக் குறையைக் கண்டுகொள்ள முடியாது.

இப்போது வாசகரின் கேள்விக்கு வரலாம். எந்தச் சால்வரை எடுத்தாலும் அதனிடம் முதலில் கேட்க வேண்டியது, நோட்டில் இன்னும் எவ்வளவு வருத்தம் மீதி என்பதுதான். நல்ல மென்பொருள் அதை நடுவில் கிடக்கும் தொகையின் விழுக்காடாகத் திரையில் காட்டும். அரை விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய விடையைப் படிக்கலாம், காட்டவே மறுக்கும் மென்பொருளை நான் வாங்க மாட்டேன். இரண்டாவது, எந்த மரத்தைத் தீர்த்தது என்பது. பந்தய அளவாக, நடுவில் கிடக்கும் தொகையில் அரைப் பங்கையும் முழுப் பங்கையும் மட்டுமே நீங்கள் கொடுத்திருந்தால், முக்கால் பங்கு கட்டும் எதிராளி அதன் உலகத்திலேயே இல்லை. சால்வர் தீர்ப்பது நீங்கள் வரைந்து கொடுத்த மரத்தைத்தான் என்பதை மறந்துவிட்டு, அதன் விடையை வேதவாக்காக எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. அதிக அளவுகளைச் சேர்த்தால் மரம் பெருத்து நினைவகத்தைத் தின்றுவிடும். ஆகவே சொந்தக் கணினியில் ஓடும் பியோசால்வர் போன்றதை வாங்குபவர் கணினியின் ரேமையும் சேர்த்து விலைபோட வேண்டும். தீர்த்துவைத்த விடைகளை வாடகைக்குத் தரும் இணையச் சேவையில் அந்தக் கவலை இல்லை, ஆனால் மரம் அவர்கள் வரைந்தது.

மூன்றாவது, எத்தனை பேர் ஆட்டம் என்பது. மேலே சொன்ன உத்தரவாதம் இருவர் ஆடும்போது மட்டுமே செல்லும். மூன்று பேர் ஆனால், சராசரி நாஷ் சமநிலைக்குப் போய்ச் சேரும் என்று எந்தத் தேற்றமும் உறுதி சொல்வதில்லை. பலபேர் ஆட்டத்துக்கு விடை தரும் மென்பொருள்களை அனுபவத்தில் உதவுபவை என்ற அளவில்தான் நம்ப வேண்டும். வாசகரின் வார இறுதி மேசையில் ஆறு பேர் உட்காருவார்கள் என்றால் இது சின்ன விஷயமல்ல. இன்னொன்று, சமநிலை ஆட்டம் தோற்காமலிருக்க வழி சொல்லும். எதிராளியின் பலவீனத்தைத் தேடிப் போய்ச் சுரண்டாது. எப்போதுமே ஈடுகொடுத்துத் தொலைக்கும் நண்பரிடம் மூன்றில் ஒரு பங்கு ப்ளஃப் செய்வது வீண். அதற்கு, ஓர் இடத்தில் எதிராளியின் பழக்கத்தை நாமே பூட்டிவிட்டு மற்றதை மறுபடி தீர்க்கச் சொல்லும் வசதி வேண்டும். பயிற்சித் திரையிலும் சரி, தவறு என்று மட்டும் சொல்வதை விட, தவறால் எத்தனை வில்லைகள் போயின என்று சொல்வதே உருப்படியானது. ஏனெனில் சமநிலையில் பல இடங்களில் இரண்டு செயல்களுக்கும் ஒரே மதிப்பு. அங்கே எதைச் செய்தாலும் பாதகமில்லை.

இவ்வளவு இருந்தும் “இன்று எனக்குக் கை ஓடுகிறது”, “அந்த நாற்காலி ராசியானது” என்று பேசுவது நிற்கவில்லை. 2017 ஜனவரியில் பிட்ஸ்பர்க் நகரின் சூதாட்ட விடுதியொன்றில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராடஸ் நிரல் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களோடு 20 நாட்களில் 1,20,000 ஆட்டங்கள் ஆடியது. ராசிக்கு இடமே கொடுக்கக் கூடாது என்பதற்காக, ஒருவருக்கு வந்த சீட்டு இன்னொரு மேசையில் நிரலின் கைக்குப் போகும்படி பகிர்வைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி வைத்தார்கள். அதிலும் நிரல் 17 லட்சத்துக்கும் மேற்பட்ட வில்லைகள் முன்னிலையில் வென்றது. பகலில் மனிதர்கள் கண்டுபிடித்த ஓட்டைகளை, இரவில் மீத்திறன் கணினியில் தானே அடைத்துக்கொண்டு மறுநாள் வந்தது. நாற்காலியை மாற்றியவர்கள் இருந்தார்களா என்று தெரியாது, மாற்றியிருந்தாலும் பயனிருந்திருக்காது.

அந்த மீத்திறன் கணினி அமெரிக்க தேசிய அறிவியல் நிறுவனத்தின் பணத்தில் இயங்கியது. நம் ஊர் நிதிக்குழு ஒன்றின் முன்னால் ஓர் இளம் ஆய்வாளர் “சீட்டாட்டம் பற்றி ஆராயப் போகிறேன்” என்று நின்றால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்; தலைப்பைப் படித்ததுமே கோப்பை மூடிவிடுவார்கள். இத்தனைக்கும் இது பெரும் பணம் கேட்கும் துறையாகக்கூட இல்லை: 2019-இல் ஆறு பேர் ஆட்டத்தில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்ற ப்ளூரிபஸ் நிரலைப் பயிற்றுவிக்க எட்டு நாட்களும், இணையக் கணினி வாடகையாக ஏறத்தாழ 144 டாலரும் தேவைப்பட்டன. செலவானதெல்லாம் அதற்கு முந்தைய பல ஆண்டு யோசனைதான். அதற்குத்தான் சம்பளம் கொடுக்க ஆள் வேண்டும்.

வாசகருக்கு என் பரிந்துரை, எதையும் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் கொடுத்து, இந்த நோட்டுக் கணக்கைத் தாமே எழுதிப் பார்க்கட்டும் என்பது. நிரல் எழுதத் தெரிந்தவருக்கு நூறு வரி தாண்டாது. 1950-இல் ஹெரால்டு கூன் வகுத்த மூன்று சீட்டுப் போக்கர் அதற்கு ஏற்றது: ராஜா, ராணி, ஜாக்கி என மூன்றே சீட்டுகள், ஆளுக்கு ஒரு சீட்டு, ஆரம்பத்தில் ஆளுக்கு ஒரு வில்லை, பந்தயமும் ஒரு வில்லைதான். பத்தாயிரம் சுற்றுகள் ஓடவிட்டு, மறக்காமல் சராசரியை அச்சிட வேண்டும். முதலில் ஆடுபவருக்கு ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஒரு வில்லையின் 18-இல் ஒரு பங்கு, அதாவது ஏறத்தாழ 0.056 நஷ்டம் வர வேண்டும். இரண்டாமவர், முதலாமவர் சும்மா விட்டதும், ஜாக்கியை வைத்துக்கொண்டு மூன்றில் ஒரு தடவை ப்ளஃப் செய்ய வேண்டும். வேறு எண் வந்தால் எனக்கு அனுப்பிவைக்கட்டும், சேர்ந்து பார்க்கலாம்.