ஹைட்ரோகிராபி: கடலை அளப்பவர்களின் சொல்

டேராடூன் இமயமலை அடிவாரத்து ஊர். கடல் மட்டத்துக்கு 600 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இந்தியக் கடல்களுக்கு வரைபடம் போடும் அரசு அலுவலகம் இருப்பது அங்கேதான். பெயர், நேஷனல் ஹைட்ரோகிராபிக் ஆபீஸ். கடற்படையின் கீழ் இயங்குகிறது. மலையடியில் கடல் அலுவலகம் எப்படி வந்தது என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த நடுச்சொல்.

கிரேக்கத்தில் 'ஹைடோர்' என்றால் நீர், 'கிராஃபேன்' என்றால் எழுதுதல், வரைதல். இரண்டையும் ஒட்டி 'நீர்வரைவியல்' என்று தமிழாக்கலாம். சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனால் பொருள் வரவில்லை. நீரை யாரும் வரைவதில்லையே! வரைவது நீருக்கடியில் கிடக்கும் தரையை. எங்கே எத்தனை ஆழம், எங்கே பாறை, எங்கே மணல்திட்டு, எந்த இடத்தில் நங்கூரம் பிடிக்கும், ஓதம் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்பதெல்லாம் இதில் அடக்கம். இதை 'நீரியல்' என்று எழுதினால் தவறு. அது மழை, ஆறு, நிலத்தடி நீர் பற்றிப் பேசும் ஹைட்ராலஜி.

நாடுதோறும் இதற்கென்று அலுவலகம் வைக்கும் வழக்கத்தில் முந்திக்கொண்டது பிரான்ஸ், 1720இல். பிரிட்டன் 1795இல்தான் விழித்தது. அட்மிரால்டியின், அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகத்தின், முதல் ஹைட்ரோகிராபராக நியமிக்கப்பட்ட அலெக்சாண்டர் டால்ரிம்பிள் நம்மூரில் பேனா பிடித்தவர். 1753இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்து, அப்புறம் கிழக்குக் கடல்களின் வரைபடங்களைச் சேகரிப்பதே தொழிலாகிப் போனது. 1779 முதல் கம்பெனிக்கே வரைபடம் போட்டார். அவருடைய புது அலுவலகத்தின் முதல் வரைபடம் 1800இல்தான் வந்தது. பழைய காகிதக் குவியலைப் பிரித்து, எது நம்பத்தக்கது என்று பார்ப்பதே பெரிய வேலையாக இருந்தது.

இந்தியாவில் 1874இல் கல்கத்தாவில் கடல் சர்வே துறை தொடங்கியது. சுதந்திரத்துக்குப் பின், 1954இல், அலுவலகம் டேராடூனுக்குப் போனது. நிலத்தை அளக்கும் சர்வே ஆஃப் இந்தியா அங்கேதான் இருக்கிறது. படம் வரைகிறவர்கள் ஒரே ஊரில் இருப்பது வசதி. அளக்கும் கப்பல்கள் கடலுக்குப் போனால் போதும், மேசை கரையில் இருக்க வேண்டியதில்லை.

அளக்கிற விதத்தையும் சொல்ல வேண்டும். எதிரொலிக் கருவி வருமுன் ஈயக்குண்டும் கயிறும்தான். குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள். ஆழத்தைக் கயிறு சொல்லும். அடியில் மணலா, சேறா, சிப்பியா என்பதைக் கொழுப்பில் ஒட்டி வருவது சொல்லும். ஆழத்துக்கு ஆங்கிலேயர் வைத்த அளவு 'ஃபாதம்', அதாவது ஆறு அடி. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு விரித்த இரு கைகள் என்று பொருள். நம் மீனவர்கள் சொல்லும் 'பாகம்' என்பதும் அதே விரித்த கைகள்தான். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. கயிற்றை இழுக்கிறவனுக்கு வேறு அளவுகோல் ஏது?

கடல் வரைபடத்துக்கு ஆங்கிலத்தில் 'சார்ட்' என்று பெயர். அந்தச் சொல்லுக்கு இன்னும் சுவையான உறவு உண்டு. அதன் வேர் கிரேக்கத்தின் 'கார்தேஸ்', பாப்பிரஸ் தாள். அதே சொல் அரபியில் 'கிர்தாஸ்' ஆகி, போர்ச்சுக்கீசில் 'கர்தாஸ்' ஆகி, தமிழில் 'கடுதாசி' ஆனது. அந்தக் கர்தாஸ் வெறும் தாளும் அல்ல. 16ஆம் நூற்றாண்டில் இந்தியப் பெருங்கடலில் போகும் கப்பல்கள் போர்ச்சுக்கீசியரிடம் வாங்க வேண்டியிருந்த அனுமதிச் சீட்டுக்கும் அதே பெயர். ஆக, மாலுமி கையில் இருந்த சார்ட்டும் நாம் எழுதும் கடுதாசியும் பங்காளிகள்.

சரி, தமிழில் என்ன வைக்கலாம்? 'நில அளவை' எல்லோருக்கும் தெரிந்த சொல். அதன் பக்கத்தில் 'கடலளவை' என்று வைத்தால் விளக்கவே வேண்டாம். ஆறு, ஏரி, துறைமுகக் கால்வாய்களும் இத்துறைக்குள் வருமே என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் 'நீரளவை' என்றால் குழாயில் மாட்டும் மீட்டர்தான் நினைவுக்கு வரும். அதனால் என் ஓட்டு கடலளவைக்கே. அலுவலகம் கடலளவை அலுவலகம், ஹைட்ரோகிராபர் கடலளவையாளர்.

சார்ட்டுக்குக் 'கடற்படம்' என்று சொல்ல ஆசைதான், நிலப்படத்துக்கு இணையாக நிற்கும். ஆனால் ஓர் எழுத்து தவறினால் கடற்படை ஆகிவிடும். அலுவலகமும் கடற்படையுடையது என்பதால் அச்சுப்பிழையைக் கண்டுபிடிப்பதுகூடக் கஷ்டம். நீளமானாலும் 'கடல் வரைபடம்' போதும்.