வெரிகோஸ் கால்: லேசரா, பசையா, காப்பீட்டில் எது நடக்கும்?

தேவகோட்டைப் பக்கம் ஒரு சமையல் மாஸ்டர். முகூர்த்த நாளென்றால் விடியற்காலை மூன்று மணிக்கே அடுப்படிக்கு வந்துவிடுவார். கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் உட்காருவார். முப்பது வருடமாக இதே நிற்பு. இடது கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்துத் தடித்து, சொறிந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குப் புண். "தம்பி, லேசர் வச்சா முதலமைச்சர் காப்பீட்டுல வருமா?" என்று கேட்டார்.

காப்பீடு கருவியின் பெயரைப் பார்ப்பதில்லை, இந்தச் சிகிச்சைக்கு இவ்வளவு என்று வகுத்து வைத்திருக்கும் பேக்கேஜின் பெயரைத்தான் பார்க்கிறது. அதனால் முதலில் காலில் என்ன கோளாறு என்று தெரிந்தாக வேண்டும்.

வெரிகோஸை ஊரில் 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்போம். உண்மையில் அது நரம்பு அல்ல, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரை. அதற்குள் இருக்கும் சின்ன வால்வுகள் பழுதானால், மேலே போக வேண்டிய ரத்தம் கீழேயே தேங்கும். எந்தச் சிரையில் கசிவு என்பதை, ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் காட்டிவிடும். நோயாளியை நிற்க வைத்து எடுப்பதுதான் சரியான முறை. ஆழத்தில் ஓடும் சிரைகளில் ரத்தக்கட்டு இருக்கிறதா என்பதும் அதிலேயே தெரியும். டாப்ளர் எடுக்காமலே 'லேசர் பண்ணிடலாம்' என்றால், அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

கசியும் சிரையை மூடிவிடுவதுதான் சிகிச்சை. சூட்டால் மூடும் முறைகளில் லேசரும் ரேடியோ அலையும் அண்ணன் தம்பி மாதிரி. முழங்கால் பக்கம் ஊசித் துளை போட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய குழாயைச் சிரைக்குள் ஏற்றுவார்கள். சூடு வெளியே பரவாமலிருக்க, சிரையைச் சுற்றி மரப்பு மருந்து கலந்த உப்புநீரை நிரப்புவார்கள். நோயாளிக்கு அதிகம் தெரிவது இந்த ஊசிகள்தான். பரவலாகப் பயன்படும் ரேடியோ அலைக் குழாய் ஒவ்வொரு 7 சென்டிமீட்டர் பகுதியையும் 20 விநாடி, 120 டிகிரியில் சுட்டு மூடும். அன்றைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். பலனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ரேடியோ அலையில் வலியும் கன்றலும் கொஞ்சம் குறைவு.

நுரை ஊசியில் ஒரு பங்கு மருந்தையும் நாலு பங்கு காற்றையும் இரண்டு சிரிஞ்சுக்குள் மாற்றி மாற்றித் தள்ளி நுரையாக்கிச் செலுத்துவார்கள். செலவு குறைவு. வளைந்து நெளிந்த கிளைச் சிரைகளுக்கு நல்லது. பெரிய சிரை என்றால் மறுபடி திறந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். சிரைக்குள் பசை விட்டு ஒட்டி மூடும் பசை முறையில் சூடும் இல்லை, அத்தனை ஊசியும் இல்லை. ஆனால் விலை கூடுதல், சிலருக்குத் தோல் சிவந்து அழற்சி வரும். கீறி உருவும் பழைய அறுவைச் சிகிச்சையையும் ஒரேயடியாக ஒதுக்க வேண்டாம். இங்கிலாந்து அரசின் 2013 வழிகாட்டுதல் முதலில் சூடு முறை, அது ஒத்துவராவிட்டால் நுரை, அதுவும் ஆகாவிட்டால் அறுவை என்று வரிசைப்படுத்துகிறது.

சரி, காப்பீட்டுக்கு வருவோம். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். காரைக்குடி, தேவகோட்டைக்காரர்களுக்கு அது சிவகங்கை. கோனாபட்டு, ராயவரம் பக்கமென்றால் செட்டிநாடுதான், ஆனால் மாவட்டம் புதுக்கோட்டை. சிவகங்கைக்கு வீணாக பஸ் ஏறாதீர்கள்.

திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையின் இன்சூரன்ஸ் கவுன்டரில், படுக்கையில் சேர்வதற்கு முன்பே கேளுங்கள்: "எந்த பேக்கேஜுக்கு முன் அனுமதி போட்டிருக்கீங்க? டாக்டர் சொன்ன முறை அதுல அடங்குமா?" பேக்கேஜுக்குத் தொகை முன்பே நிர்ணயமானது. அனுமதி கிடைத்த சிகிச்சைக்கு உங்களிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம். அப்புறம், அழகுக்காகச் செய்யும் சிகிச்சைக்குக் காப்பீடு கிடையாது. தொடையில் சிலந்தி வலை மாதிரி தெரியும் நீலக் கோடுகள் அந்தக் கணக்கில் போய்விடும். வீக்கம், கறுப்பு, புண் இருந்தால் டாக்டர் அதைச் சீட்டில் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள்.

ஹோட்டல், கடை வேலையில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி, தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.க்குப் பிடித்தம் இருந்தால் அந்த வழியும் உண்டு. தனியார் பாலிசிகள் பலவற்றில் வெரிகோஸுக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். கால் புடைத்த பிறகு பாலிசி எடுத்து உடனே பலன் கிடைக்காது. காப்பீட்டு அட்டையே இல்லையென்றாலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. மதுரை ராஜாஜி மருத்துவமனையில் ரத்தநாள அறுவைச் சிகிச்சைக்கென்றே தனித் துறை இயங்குகிறது.

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஆடியில முகூர்த்தம் இல்ல, அப்பப் பாத்துக்கலாம்" என்றார். வெறும் புடைப்பு என்றால் நானும் சரி என்றிருப்பேன்; வைகாசியிலேயே வருமானச் சான்றுக்கு எழுதிப்போடச் சொல்லியிருப்பேன். புண் வந்த காலுக்கு அந்தக் கணக்கு ஆகாது. கசியும் சிரையைச் சீக்கிரம் மூடினால் புண் சீக்கிரம் ஆறுகிறது என்று 2018-இல் வெளியான ஆய்வு காட்டியிருக்கிறது. சித்திரையில் இரண்டு கல்யாணத்தைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, டாப்ளருக்குப் போனார்.