ராஜினாமா: விருப்பமில்லாமல் எழுதும் விருப்பக் கடிதம்

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு எங்கள் ஊர்க் கமக்காரர் அமைப்பில் ஒரு கூட்டம் நடந்தது. வாய்க்கால் துப்புரவுக்குத் திரட்டிய காசுக்குப் பற்றுச்சீட்டு இருக்கிறது, வீட்டில் இருக்கிறது, அடுத்த முறை கொண்டுவருகிறேன் என்று பொருளாளர் மூன்று கூட்டமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவது கூட்டத்தில் அப்படி ஒரு பற்றுச்சீட்டே இல்லை என்பது வெளியே வந்தது. காசை அவர் விழுங்கவில்லை, அது வேறொரு வேலைக்குச் செலவாகியிருந்தது. ஆனால் பற்றுச்சீட்டுக் கதை பொய்.

“ராஜினாமாவ எழுதித் தாங்ககா” என்று பின்வரிசையில் ஒரு குரல் எழும்பியது. பிறகு எல்லோரும் அதையே சொன்னார்கள். யாரோ கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து நீட்ட, மனுசன் கதிரையின் கையில் வைத்து எழுதினார்: “எனது சொந்த விருப்பின் பேரில் பொருளாளர் பதவியை இராஜினாமாச் செய்கின்றேன்.” பக்கத்தில் நின்ற பொடியன் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: “நாமதானே எழுதச் சொன்ன. மறுகா என்னத்துக்குச் சொந்த விருப்பம் எண்டு எழுதுற?”

“அப்பிடித்தான் எழுதுற வழக்கம்” என்றார் செயலாளர்.

வழக்கம் சரிதான். ஆனால் அந்தப் பொடியன் தன்னை அறியாமலே சொல்லின் அடிவேரைப் பிடித்து இழுத்துவிட்டான். பொய் சொன்ன அரசியல்வாதியைக் கட்டாயமாக ராஜினாமாச் செய்ய வைக்க வேண்டுமா என்ற கேள்விக்கும் அந்த வேரிலிருந்தே போகலாம்.

ராஜினாமா தமிழ்ச் சொல் அல்ல. ‘ராஜா’வோடும் அதற்கு உறவில்லை, ‘நாமம்’ என்ற சொல்லோடும் உறவில்லை. (நாமம் போட்டவர்கள்தான் பெரும்பாலும் ராஜினாமா எழுத வேண்டிவருகிறது என்பது வேறு கதை.) அரபியில் ‘ராளீ’ என்றால் உடன்பட்டவர், மனம் பொருந்தியவர். பாரசீகத்தில் ‘நாமா’ என்றால் கடிதம், பத்திரம், நூல். பாபர்நாமாவில் இருப்பது இந்த நாமாதான். தமிழ் முஸ்லிம் புலவர்கள் ‘நாமா’ என்று ஒரு சிற்றிலக்கிய வகையையே வைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து ‘ராஸீநாமா’. உடன்பாட்டுப் பத்திரம், மனம் ஒப்பிக் கொடுக்கும் ஓலை. வழக்காடிய இரு தரப்பும் சமாதானமாகி எழுதிக்கொடுக்கும் பத்திரத்துக்கும் இதுதான் பெயர்.

அந்த முதல் பாதியை மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து ஆட்கள் தினமும் கேட்கிறோம், அடையாளம் தெரியாமல். காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஒரு பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) நபித்தோழர் பெயர் வந்தால் உடனே ‘ரழியல்லாஹு அன்ஹு’ என்பார்கள். அல்லாஹ் அவரைப் பொருந்திக்கொண்டான் என்று பொருள். ‘அல்லாஹ்வின் பொருத்தம்’ என்று நம்மூர் முஸ்லிம்கள் சொல்லும் பொருத்தமும் அதே வேரின் மொழிபெயர்ப்புத்தான். அரபியில் அந்த இடத்தில் வருவது ‘ளாத்’ என்ற எழுத்து. நாம் அதை ‘ழ’ என்று எழுதிப் பழகிவிட்டோம்: ரமழான், ரழி, காழி. பாரசீகர் வாயில் அதே எழுத்து ‘ஸ’கரமாக அதிர்ந்தது. அதைக் கேட்டு எழுதிய தமிழ்நாட்டார் ‘ஜ’ போட்டார்கள். அங்கே காஜி, இங்கே காழி. அதே கணக்கில் அங்கே ராஜி. ஒரே வேர், ஒரு கிளை பள்ளிவாசலுக்குள்ளும் மற்றது அரசாங்கக் கச்சேரிக்குள்ளும் போயிருக்கிறது. தோற்றத்தை வைத்து இந்த இரண்டும் சகோதரர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

உடன்பாடு எப்படி ‘விலகல்’ ஆனது? இடையில் நிலம் இருக்கிறது. தென்னிந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் நிலவரி நிர்வாகத்தில், குடியானவர் ஒருவர் இந்தக் காணியை இனி நான் செய்யமாட்டேன், மனம் ஒப்பி விட்டுவிடுகிறேன் என்று அரசுக்கு எழுதிக் கொடுக்கும் தாளை ‘ராஜிநாமா’ என்றார்கள். அதை எடுத்துக்கொள்பவர் எழுதுவது ‘கபூலியத்’. காணியை விட்டவர் எழுதிய தாள், காலப்போக்கில் கதிரையை விட்டவர் எழுதும் தாளாகிவிட்டது. தெலுங்கிலும் கன்னடத்திலும் மராத்தியிலும் இதே சொல் இதே பொருளில் புழங்குகிறது. மலையாளிகள் வாலை வெட்டிவிட்டு ‘ராஜி’ என்று மட்டும் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், உருதுவில் ராஸீநாமா இன்றும் சமாதானப் பத்திரம்தான். பதவியை விடுவதற்கு அவர்கள் சொல்லும் சொல் ‘இஸ்திஃபா’, என்னை விடுவியுங்கள் என்று கேட்டுக்கொள்வது.

சிங்களத்திலும் கேட்டுக்கொள்வதுதான். அம்பாறை நகரத்துக் கந்தோர் ஒன்றில் காது கொடுத்தால் ‘இல்லா அஸ்வீம’ என்பது காதில் விழும். ‘இல்லா’ என்றால் கேட்டு, ‘அஸ்வீம’ என்றால் விலகுதல். ஆக, பக்கத்துப் பக்கத்து மொழிகள் எல்லாம் ஒன்றையே சொல்கின்றன: விலகுபவரின் வாயிலிருந்து ஒரு சொல், கையிலிருந்து ஓர் எழுத்து வர வேண்டும். இலங்கை அரசியலமைப்பிலும் அப்படித்தான். பாராளுமன்ற உறுப்பினர் தன் கைப்பட எழுதிச் செயலாளர் நாயகத்துக்குக் கொடுக்க வேண்டும், ஜனாதிபதி என்றால் சபாநாயகருக்கு. 2022 ஜூலையில் கோட்டாபய ராஜபக்ஷ சிங்கப்பூரில் இருந்தபடி மின்னஞ்சலில் கடிதம் அனுப்பியபோது, அது அவருடைய கடிதம்தானா என்று சட்டப்படி சரிபார்த்த பிறகே சபாநாயகர் அறிவித்தார். நாட்டைவிட்டே ஓடிய மனிதரிடமும் ‘உம் விருப்பம்தானா’ என்று உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்போது அந்தக் கேள்விக்கு வரலாம். பொய் சொன்ன அரசியல்வாதியைக் கட்டாயமாக ராஜினாமாச் செய்ய வைக்க வேண்டுமா? தேர்தல் முடிந்து ஆறு மாதம் போனால் தேத்தண்ணிக் கடையில் இந்தக் கேள்வி தானாக வந்துவிடும். என் முதல் தடங்கல் மொழியில் இருக்கிறது. ‘கட்டாய ராஜினாமா’ என்றால் ‘கட்டாய உடன்பாடு’. கழுத்தில் கையை வைத்துத் தலையாட்ட வைப்பது.

தமிழுக்கு இந்தக் குழப்பமே தேவையில்லை. நம்மிடம் தன்வினை, பிறவினை என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. நீங்கு, நீக்கு. விலகு, விலக்கு. ஓர் ஒற்றெழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் யார் கை வைத்தது என்று அந்த ஒற்றே காட்டிக்கொடுத்துவிடும். தானாகப் போனால் விலகினார். பிறர் அனுப்பினால் விலக்கினார்கள். ஆகவே ராஜினாமாவுக்கு நேரான தமிழ் ‘பதவி விலகல்’, கடிதத்துக்கு ‘விலகல் கடிதம்’. ‘பதவி துறத்தல்’ என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அது உவப்பில்லை. பிடிபட்டவருக்குக் காவி உடுத்திவிடுவது போல இருக்கிறது. மற்றவர்கள் வெளியேற்றினால் பதவி நீக்கம். நம் சட்டத் தமிழில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு: ‘ஆசனம் வறிதாதல்’. தானும் போகவில்லை, ஒருவரும் தள்ளவும் இல்லை, சட்டத்தின் ஒரு வாசகம் நிறைவேறியதும் கதிரை தானாக வெறுமையாகிவிடும். விடுப்புப் பெறாமல் தொடர்ந்து மூன்று மாதம் சபைக்கு வராவிட்டால் அப்படி நடக்கும். கட்சி உறுப்புரிமை போனாலும் நடக்கும்.

அந்தக் கடைசி வசனத்துக்கு மட்டக்களப்பில் நல்ல அனுபவம் இருக்கிறது. 1977இல் தமிழர் விடுதலைக் கூட்டணியில் வென்ற ‘சொல்லின் செல்வர்’ செல்லையா இராசதுரை 1979இல் ஆளும் ஐக்கிய தேசியக் கட்சிப் பக்கம் போனார். கட்சியிலிருந்து விலகும் அல்லது விலக்கப்படும் உறுப்பினர்களைப் பற்றிய அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தம் அதே ஆண்டு வந்தது, அவர் கதிரையோடு போக வழி செய்யத்தான் வந்தது என்பது பரவலான பேச்சு. அதே மாவட்டத்தின் நஸீர் அஹமட் வரவுசெலவுத் திட்ட வாக்கெடுப்பில் கட்சியின் முடிவுக்கு மாறாக வாக்களித்தார். ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் அவரை விலக்கியது சரியே என்று 2023 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் சொன்னது. அமைச்சராக இருந்தவருக்கு ஆசனம் இல்லாமல் போனது, அந்த இடத்துக்கு அலி ஸாஹிர் மௌலானா வந்தார். ஒருவர் கதிரையோடு போனார், ஒருவர் கதிரையை விட்டுப் போனார். இரண்டிலும் கேட்கப்பட்ட கேள்வி கட்சியின் சொல்லைத் தட்டினாரா என்பதுதான். வாக்காளருக்குச் சொன்னது உண்மையா என்று எந்த இடத்திலும் யாரும் கேட்கவில்லை, கேட்கச் சட்டத்தில் இடமும் இல்லை.

சரி, கேட்க ஒரு சட்டம் செய்யலாம். யார் கேட்பது? கட்சித் தலைவரிடம் அந்த அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று 1982இல் பார்த்துவிட்டோம். அந்த ஒக்டோபரில் ஜனாதிபதித் தேர்தலில் வென்ற ஜே.ஆர். ஜயவர்தன, தன் கட்சி எம்.பி.மாரிடம் திகதி போடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். கையெழுத்து எம்.பி.யுடையது, திகதி தலைவருடையது. ‘சொந்த விருப்பின் பேரில்’ என்ற தொடரை இதைவிடக் கேலி செய்த சம்பவம் எனக்குத் தெரியாது. அந்த டிசெம்பரில் சர்வஜன வாக்கெடுப்பு வைத்து, அதே பாராளுமன்றத்துக்கு இன்னும் ஆறு ஆண்டு ஆயுளும் கொடுத்தார்கள்.

இன்னொரு சிக்கல் ‘பொய்’ என்ற சொல்லிலேயே இருக்கிறது. நம் பக்கத்தில் வேளாண்மை என்றால் நெல். கார்த்திகையில் மழை இல்லாவிட்டால் ‘மழை பொய்த்துவிட்டது’ என்கிறோம். மழை யாருக்கும் பொய் சொல்லவில்லை, எதிர்பார்த்தபடி வரவில்லை, அவ்வளவுதான். பொய்த்தல் வேறு, பொய் சொல்லுதல் வேறு. ‘ஐந்து வருடத்தில் பாலம் கட்டித் தருவேன்’ என்று சொன்னவர் கட்டவில்லை என்றால் வாக்குப் பொய்த்தது. காசு வராமல் போயிருக்கலாம், அரசு மாறியிருக்கலாம், ஆள் சோம்பேறியாகவும் இருக்கலாம். அதற்குத் தண்டனை அடுத்த தேர்தல். கட்டாத பாலத்தைக் கட்டிவிட்டேன் என்று அறிக்கை விட்டால் அது பொய். தெரிந்துகொண்டே சொன்னது. ஊர்ப் பேச்சில் இதற்குக் கச்சிதமான சொல் உண்டு: பேய்க்காட்டுதல். மற்றவனைப் பேயனாக்கும் எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சட்டம் எழுதுகிறவர்கள் ‘வேண்டுமென்றே தவறாக வழிநடத்தல்’ என்று நீட்டி எழுதுவதைக் கொக்கட்டிச்சோலைக் கிழவி ஒரு சொல்லில் முடித்துவிடுவார்.

வேல்ஸ் நாட்டு அரசு 2024 ஜூலையில் இந்தத் திசையில்தான் ஒரு வாக்குக் கொடுத்தது. வேண்டுமென்றே ஏமாற்றியதாகச் சுயாதீனமான நீதி நடைமுறை மூலம் நிரூபணமான உறுப்பினரைத் தகுதியிழக்கச் செய்யும் சட்டத்தை 2026 தேர்தலுக்கு முன் கொண்டுவருவோம் என்றது. கவனியுங்கள், அங்கே பேச்சு ராஜினாமா பற்றியதல்ல, தகுதியிழப்பு பற்றியது. பிறவினை. இலண்டனில் மரபு வேறு: தெரிந்தே பாராளுமன்றத்தைத் தவறாக வழிநடத்திய அமைச்சர், பிரதமரிடம் தன் விலகலை முன்வைப்பார் என்று ‘எதிர்பார்க்கப்படுகிறது’. 1963இல் அமைச்சர் ஜோன் புரொபியூமோ சபையில் பொய் சொல்லி, மூன்று மாதத்துக்குள் ஒப்புக்கொண்டு விலகினார். வெட்கம் வேலை செய்யும் இடத்தில் இந்த எதிர்பார்ப்பு போதும். வெட்கத்தை நம்பி நம் நாட்டில் நான் ஒரு வாக்கியமும் எழுதமாட்டேன்.

அதற்காக இங்கே ஒருவருமே விலகியதில்லை என்று சொல்லவும் முடியாது. 2024 நவம்பரில் சபாநாயகரான அசோக ரன்வல, பெயருக்கு முன்னால் இருந்த ‘கலாநிதி’ப் பட்டம் பற்றிக் கேள்வி கிளம்பியதால், பதவியேற்று மூன்று வாரமளவில், டிசெம்பர் 13ஆம் திகதி சபாநாயகர் பதவியிலிருந்து விலகினார். தான் பொய் சொல்லவில்லை, ஆவணங்களை உடனே காட்ட முடியாமல் இருக்கிறது என்பது அவர் தரப்பு. எம்.பி.யாகத் தொடர்ந்து இருந்தார். விலகினாரா, விலக்கப்பட்டாரா? கடிதம் அவருடையது என்பதால் இலக்கணப்படி விலகினார். (தமிழ்நாட்டு வாசகருக்கு: உங்கள் ‘முனைவர்’தான் எங்கள் ‘கலாநிதி’. சொல்லின் நேர்ப்பொருள் கலைகளின் புதையல். புதையல் என்றால் தோண்டிக் காட்டச் சொல்வார்கள்தானே.)

என் பக்கம் இதுதான். பொய்த்ததற்கு அல்ல, பேய்க்காட்டியதற்கு, ஒரு நீதிமன்றம் விசாரித்து ஆசனத்தை வறிதாக்க வழி இருக்க வேண்டும். அதை ராஜினாமா என்று அழைக்க வேண்டாம். நாளிதழ் நண்பர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோளும் உண்டு: ‘அழுத்தம் காரணமாக இராஜினாமாச் செய்ய வைக்கப்பட்டார்’ என்று மூச்சு வாங்க எழுதுவதற்குப் பதில் ‘விலக்கினார்கள்’ என்று எழுதலாம். யார் விலக்கியது என்றும் அப்போது எழுத வேண்டிவரும். அதுதான் அந்தச் சொல்லில் எனக்குப் பிடித்த குணம்.

எங்கள் பொருளாளரின் கொப்பித் தாள் இன்னும் அமைப்பின் கோப்பில் கிடக்கிறது. அவசரத்தில் திகதி போட மறந்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்தில் அதைப் பார்த்த செயலாளர் பேனையை எடுத்தார். “அவரே வந்து போடட்டும்” என்று பொடியன் தடுத்துவிட்டான். மனுசன் இன்னும் வரவில்லை.