மங்கிய கல்யாணப் படமும் மூன்று முக்கோணங்களும்

ஆச்சியின் கல்யாணப் படத்தை ஸ்கேன் செய்து கணினியில் திறந்தேன். ஒரே புகைமூட்டம். தாத்தாவின் வேட்டி வெளிர் சாம்பல், ஆச்சியின் கொண்டை அடர் சாம்பல். அசல் வெள்ளையும் இல்லை, அசல் கறுப்பும் இல்லை. ஸ்கேனர் மேல் தப்பில்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பாகத் தெரிவது நுண்ணிய வெள்ளித் துகள்கள்தான். பல வருட ஈரத்திலும் காற்றிலும் அவை அரிபட்டுப் போகின்றன. படம் கழுவியபோது ஹைப்போவை, அதாவது படத்தை நிலைநிறுத்தும் ரசாயனத்தை, சரியாக அலசாமல் விட்டிருந்தால் இன்னும் சீக்கிரம் மஞ்சளடித்துவிடும்.

உடனே கை போவது ‘பிரைட்னஸ்’ ஸ்லைடருக்கு. வேண்டாம். கணினிக்குப் படம் என்பது வெறும் எண்கள்: ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஓர் எண். 0 கறுப்பு, 255 வெள்ளை. எளிமையான செயலிகளில் இந்த ஸ்லைடர் எல்லா எண்களோடும் ஒரே அளவைக் கூட்டுகிறது. 60 கூட்டினால், 60-இல் இருந்த கொண்டை 120 ஆகி இன்னும் வெளுக்கும். 195-க்கு மேலிருந்த வேட்டி மடிப்புகளோ 255-ஐத் தாண்ட வழியில்லாமல் அங்கேயே முட்டி நிற்கும். மடிப்பு போய் வெள்ளைத் திட்டு மட்டும் மிஞ்சும்.

நான் பயன்படுத்துவது ஜிம்ப் என்ற இலவச மென்பொருள். அதில் ‘லெவல்ஸ்’ என்பதைத் திறந்தால் ஹிஸ்டோகிராம் தெரியும்: எந்த எண்ணில் எத்தனை பிக்சல் இருக்கிறது என்று காட்டும் மேடுபள்ளம். அதற்கு முன் ஓரங்களை வெட்டிவிடுங்கள். ஸ்கேனர் மூடியின் வெள்ளை படத்தோடு சேர்ந்து வந்து வலது கோடியில் ஒரு பொய்க் கோபுரம் எழுப்பியிருக்கும்.

ஆச்சி படத்தின் மேடு 60-இல் தொடங்கி 200-இல் முடிந்தது. இரண்டு பக்கமும் காலி. வரைபடத்துக்குக் கீழே மூன்று முக்கோணங்கள். கறுப்பு முக்கோணத்தை 60-க்கும் வெள்ளையை 200-க்கும் நகர்த்தினால், ‘60-ஐ 0 ஆக்கு, 200-ஐ 255 ஆக்கு, நடுவில் உள்ளவற்றை அதே விகிதத்தில் விரி’ என்று அர்த்தம். இது கூட்டல் இல்லை, இழுவை. கொண்டை கறுத்தது, வேட்டி வெளுத்தது, மடிப்பும் தங்கியது.

ஆனால் தாத்தாவின் முகம் இருண்டுவிட்டது. 95-இல் இருந்தது, விரித்ததில் 64-க்கு இறங்கிவிட்டது. அதற்குத்தான் நடு முக்கோணம், காமா என்பார்கள். அதை 1-இலிருந்து 1.3 ஆக்கினால் 64 என்பது 88 ஆகிறது. வேடிக்கை என்னவென்றால் 0-வும் 255-உம் அசைவதில்லை. இரண்டு முனையையும் கட்டிவிட்டுக் கயிற்றின் நடுவை மட்டும் தூக்குவது போல. இங்கே கை நிதானம் வேண்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று இழுத்துப் போனால் மாநிறத் தாத்தா செக்கச்செவேலென்று வேறு யாரோ ஆகிவிடுவார். ஸ்டுடியோக்காரர்கள் விரும்பிச் செய்யும் வேலை அது. எனக்குப் பிடிக்காது.

சரி, இழுவைக்கு விலை இல்லையா? உண்டு. 60 முதல் 200 வரை இருப்பது 141 படிகள். அவற்றை 256 இடங்களில் பரப்பினால் 115 இடங்கள் காலி. ஹிஸ்டோகிராம் பல் விழுந்த சீப்பு போல ஆகும். பின்னணித் திரையின் மென்மையான நிழலில் பட்டை பட்டையாகத் தெரியக்கூடும். அதனால் ஸ்கேனரில் 16 பிட் வசதி இருந்தால் அதில் எடுத்து, டிஃப் (TIFF) என்ற வகைக் கோப்பாகச் சேமியுங்கள். அங்கே 65,536 படிகள்; விரித்தாலும் கண்ணுக்கு இடைவெளி தெரியாது. 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து ஜிம்ப் இதைக் கையாள்கிறது.

பழைய கலர் படம் என்றால் ஒரே இழுவை போதாது. இருட்டு அலமாரியில் வைத்த பிரிண்ட்களில் பெரும்பாலும் சயான் என்ற பச்சை கலந்த நீலச் சாயம்தான் முதலில் மங்கும். சிவப்பு ஒளியைத் தடுக்கும் சாயம் அது. அது போனால் படமே சிவந்துவிடும். லெவல்ஸில் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாக எடுத்து முக்கோணங்களை நகர்த்த வேண்டும்.

ஒன்று மட்டும் எதற்கும் மசியவில்லை. ஆச்சியின் நெற்றியில் விளக்கொளி பட்டுத் தெறித்த இடத்தில் அச்சிலேயே வெறும் காகிதம்தான் இருக்கிறது. குங்குமம் அங்கே எங்கோ இருந்திருக்க வேண்டும்.