கஞ்சமலைக் கருமணலும் திருவாதிரையும்

மழை ஓய்ந்த மறுநாள், சேலத்தை அடுத்த கஞ்சமலை அடிவாரத்து ஓடைகளில், மணலின் மேல் கோடு கோடாகக் கறுப்புப் பொடி படிந்திருக்கும். மார்கழித் தொடக்கத்தில் அங்கே போயிருந்தபோது அக்கா மகள், பழைய ஸ்பீக்கரில் இருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். மணல்மேல் ஒருமுறை இழுத்தாள். கருமணல் துள்ளி ஏறி, காந்தத்தின் விளிம்பெங்கும் முள்ளம்பன்றி முள்ளைப் போலக் குத்திட்டு நின்றது. விரலால் வழித்தால் போகவில்லை. ஒருபக்கம் தள்ளினால் மறுபக்கம் ஒட்டிக்கொண்டது.

“மாமா, மலைக்குள் இவ்வளவு இரும்பு எப்படி வந்தது?” என்று கேட்டாள்.

கஞ்சமலைப் பாறைக்கு ஏறத்தாழ 250 கோடி வயது. ஆனால் அது பாறையின் வயதுதான். அதிலுள்ள இரும்பு சூரியனைவிட மூத்தது. 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியனும் பூமியும் திரண்டு உருவான மேகத்தில் அது ஏற்கெனவே கலந்திருந்தது. அதற்கும் முன்னால் எங்கோ சில விண்மீன்கள் செத்திருக்க வேண்டும்.

அன்றிரவு ஏற்காட்டில் தங்கினோம். சேலத்தின் விளக்கு வெளிச்சம் எட்டாத ஒரு காப்பித் தோட்டத்துச் சாலையில் நின்று கிழக்கே பார்த்தோம். மூன்று விண்மீன்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு வலப்பக்கம் நீலவெண்மையாக ஒன்று. இடப்பக்கம், அணையப்போகும் தணலைப் போல் சிவந்து ஒன்று. அந்தச் சிவப்புதான் திருவாதிரை.

விண்மீனுக்குள் ஓயாத இழுபறி நடக்கிறது. அதன் எடை எல்லாவற்றையும் உள்ளே அமுக்குகிறது. மையத்தில் பிறக்கும் வெப்பம் அதை வெளியே தள்ளி நிறுத்துகிறது. சூரியனின் மையம் ஒன்றரைக் கோடி டிகிரியில் கொதிக்கிறது. நொடிக்கு ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் அங்கே ஹீலியமாக இணைகிறது. அதில் 40 லட்சம் டன் நிறை ஆற்றலாக மாறி, வெயிலாக நம் மேல் விழுகிறது. இன்னும் 500 கோடி ஆண்டுகளில் மையத்தின் ஹைட்ரஜன் தீர்ந்துவிடும். சூரியன் உப்பிச் சிவந்து, மேலடுக்குகளை உதிர்த்து, பூமியளவு சிறுத்த வெண்குறுமீனாக ஆறிப்போகும். அமைதியான சாவு.

திருவாதிரைக்கு அந்த அமைதி கிடையாது. சூரியனைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் நிறை கொண்டது அது. எரிபொருள் அதிகம், செலவோ அதைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். பிறந்து ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டுதான் ஆகிறது, அதற்குள் முதுமை வந்துவிட்டது. டைனோசர்கள் அழிந்தபோது அந்த விண்மீன் பிறக்கவே இல்லை என்று சொன்னதும், அக்கா மகள் அதையே மீண்டும் நிமிர்ந்து பார்த்தாள்.

இத்தகைய விண்மீன் ஓர் எரிபொருள் தீர்ந்ததும் அடுத்ததை எரிக்கும். ஹீலியத்தின் சாம்பல் கார்பன். பிறகு அந்தக் கார்பனே விறகு. சூரியனைப் போல் 25 மடங்கு நிறையுள்ள விண்மீனில் கார்பன் சுமார் 600 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கும். ஆக்சிஜன் ஆறு மாதம். சிலிக்கான் ஒரே நாள். கடைசிச் சாம்பல் இரும்பு.

இரும்போடு அடுப்பு அணைகிறது. அதுவரை அணுக்கருக்கள் இணையும்போதெல்லாம் ஆற்றல் வெளிப்பட்டது. இரும்புக் கருவோ மிக இறுக்கமாகக் கட்டுண்டது. அதை இணைத்துப் பெரிதாக்க ஆற்றலை எதிர்பார்க்கக் கூடாது, கொடுக்க வேண்டும். இரும்பு உருண்டையின் நிறை சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்கைத் தொட்டதும், அதைத் தாங்கி நின்ற எலக்ட்ரான்களின் அழுத்தமும் தோற்றுவிடுகிறது. இந்த எல்லையின் கணக்கை, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறிய 19 வயது இளைஞர் பயணத்தின்போதே போடத் தொடங்கினார். அவர்தான் சுப்பிரமணியன் சந்திரசேகர். நோபல் பரிசு கிடைக்க 1983 வரை காத்திருந்தார்.

பிறகு நடப்பதற்கு ஒரு நொடிகூடத் தேவையில்லை. பூமியளவு இருந்த இரும்பு உருண்டை நொறுங்கி, ஏறக்குறைய 20 கிலோமீட்டர் அகலமுள்ள நியூட்ரான் விண்மீனாகிறது. சேலம் நகரத்தின் மேல் வைத்தால் ஊரையே மறைத்துவிடும். ஆனால் அதன் எடை சூரியனைவிட அதிகம். மேலடுக்குகள் அந்த நொறுங்கலின் அதிர்ச்சியாலும், பீறிடும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்களாலும் வெடித்துச் சிதறுகின்றன. இதுதான் சூப்பர்நோவா.

இங்கே ஒரு தவறான புரிதலைத் திருத்தியாக வேண்டும். விண்மீனின் வயிற்றில் விளைந்த இரும்பு வெடித்துச் சிதறி நம்மிடம் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். படிக்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். அந்த இரும்பு நியூட்ரான் விண்மீனுக்குள் அல்லது கருந்துளைக்குள் அடைபட்டுப் போகிறது, வெளியே வருவதில்லை. வெடிப்பின் வெப்பத்தில் புதிதாக உருவாவது நிக்கல்-56. ஆறு நாளுக்கு ஒருமுறை அதில் பாதி கோபால்ட்டாக மாறுகிறது. கோபால்ட்டில் 77 நாளுக்கு ஒருமுறை பாதி இரும்பாகிறது. 1987இல் பக்கத்து விண்மீன் மண்டலத்தில் வெடித்த சூப்பர்நோவாவின் ஒளி, மாதக்கணக்கில் இந்த 77 நாள் கணக்குப்படியே மங்கியது. இரும்பு பிறப்பதைத் தொலைநோக்கியில் பார்த்தார்கள் என்றே சொல்லலாம்.

இருந்தாலும் இந்த வழியில் கிடைப்பது குறைவு. 1987 வெடிப்பு தந்தது சூரிய நிறையில் நூற்றில் ஏழு பங்குதான். இரும்பின் பெரும்பகுதி வெண்குறுமீன்களிலிருந்து வருகிறது. தனியாக இருந்தால் ஆறிப்போகும் வெண்குறுமீன், ஜோடி விண்மீனிடமிருந்து பொருளை உறிஞ்சிச் சந்திரசேகரின் எல்லையை நெருங்கும்போது, அதன் கார்பன் மொத்தமாகப் பற்றி முழு விண்மீனும் வெடித்துவிடும். சூரிய நிறையில் பாதிக்கு மேல் நிக்கலாகி, பின் இரும்பாகிறது.

மறுநாள் காலை அக்கா மகள், காகிதத்தில் மடித்து வைத்திருந்த கருமணலை என்னிடம் நீட்டினாள். இது மேக்னடைட்: மூன்று இரும்பு அணுவுக்கு நான்கு ஆக்சிஜன் அணு. இரும்பு பெரும்பாலும் வெடித்த வெண்குறுமீன்கள் கொடுத்தது. ஆக்சிஜன், திருவாதிரையைப் போன்ற பெரிய விண்மீன்கள் சாகும்போது விட்டுச்சென்றது. ஒரு கடுகில் பாதி அளவுள்ள மணியில் இரண்டு வகைச் சாவும் சேர்ந்திருக்கின்றன என்றேன். அவள் காகிதத்தைக் கவனமாக மடித்துப் பென்சில் டப்பாவில் வைத்துக்கொண்டாள்.