உறைவிப்பான் அல்ல, குளிர்மேடை

காரைக்குடிப் பக்கம் எந்த அறிவியல் கூட்டத்துக்குப் போனாலும் ‘உறைவிப்பான் நுண்ணோக்கி’ என்பது காதில் விழுகிறது. நுண்ணோக்கியில் ஆய்வு மாதிரியைக் குளிர்வித்தபடியே பார்க்க உதவும் தட்டான கிரையோஸ்டேஜுக்கு யாரோ செய்து வைத்த தமிழ். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

கிரேக்கத்தில் ‘கிரையோஸ்’ என்றால் கடுங்குளிர், பனி. ஸ்டேஜ் என்பது நுண்ணோக்கியில் கண்ணாடிச் சில்லை வைக்கும் தட்டு. பள்ளிக்கூடத்திலேயே அதை மேடை என்றுதான் படித்தோம். ஆக, குளிர்மேடை. அவ்வளவுதான்.

உறைவிப்பான் எங்கிருந்து வந்தது? அப்படிச் சொன்னால் நம் ஆட்களுக்கு ஐஸ்கட்டி வைக்கிற ஃப்ரீசர்தான் நினைவுக்கு வரும். உள்ளே வைத்ததை உறைய வைத்து அப்படியே போட்டு வைப்பது அதன் வேலை. இந்தக் கருவி அப்படியல்ல. மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ நைட்ரஜன் ஒரு பக்கம் குளிரூட்டும், சின்ன ஹீட்டர் ஒன்று எதிர்த்துச் சூடேற்றும். இந்த இழுபறியில், நிமிடத்துக்கு 1 டிகிரியோ 10 டிகிரியோ, நாம் சொன்ன வேகத்தில் வெப்பநிலை இறங்கும். நிற்கச் சொன்னால் நிற்கும், ஏறச் சொன்னால் ஏறும். உறைந்ததை உருக்கிப் பார்ப்பதும் இதே தட்டில்தான். உருக்குகிற கருவிக்குப் பெயர் உறைவிப்பானாம்!

வேகம்தான் இங்கே எல்லாம். தட்டில் வைத்த உயிர்ச்செல்லை மெல்லக் குளிர்வித்தால் முதலில் அதற்கு வெளியே பனி கட்டும். உள்ளே இருக்கும் நீர் கசிந்து வெளியேற, செல் மோர்மிளகாய் மாதிரி வற்றிச் சுருங்கும். சட்டென்று குளிர்வித்தால் நீர் வெளியேற நேரமிருக்காது. உள்ளேயே பனி கட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே செல் கறுத்துவிடும். அதைவிடப் பலமடங்கு வேகமாகப் போனால் படிகமே கட்டாமல் நீர் கண்ணாடியாக இறுகும். 2017இல் டுபோஷே, ஃபிராங்க், ஹெண்டர்சன் மூவருக்கும் வேதியியல் நோபல் வாங்கித் தந்த எலக்ட்ரான் நுண்ணோக்கி முறை இந்தக் கண்ணாடி நீரை நம்பியே நிற்கிறது. பனிப்படிகம் கட்டவே கூடாத அந்த இடத்திலும் ‘உறைவிப்பான்’ என்றால் எப்படி?

‘மேடை என்றால் கம்பன் விழா மேடை என்றல்லவா நினைப்பார்கள்’ என்றார் ஓர் அன்பர். நினைக்கட்டுமே, காரைக்குடிக்காரர் வேறு எதை நினைப்பார்? இடம் பார்த்துப் பொருள் கொள்ள நமக்குத் தெரியாதா என்ன! இன்னொருவர் ‘கட்டுறுத்தப்பட்ட தாழ்வெப்பநிலை ஆய்வுத்தளம்’ என்று எழுதியே கொடுத்தார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மாதிரி உருகிவிடும்.

மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியைப் புரட்டுமுன் கருவியை ஒருமுறை பார்த்தால் என்ன? முடியாவிட்டால், அதை இயக்குகிற பிள்ளைகளையாவது கேட்கலாம். ‘ஸ்டேஜைக் குளிர விடு’ என்றுதான் அவர்கள் பேசிக்கொள்கிறார்கள்.