நாக்கை இழுக்கும் ஒயின் கெட்டுப்போன ஒயினா?

ஒரு விருந்தினர் முதல் மடக்கிலேயே முகம் சுளித்தார். "இது கெட்டுப்போச்சு. நாக்கெல்லாம் இழுக்குது." மேசையில் இருந்தது பிரான்ஸில் போர்தோ வட்டாரத்தின் பொய்யாக் பகுதியில் விளைந்த மூன்று வயது சிவப்பு ஒயின். முகர்ந்து பார்த்தேன். பழ வாசனை சுத்தமாக இருந்தது. ஒயினுக்கு ஒன்றும் ஆகவில்லை, குடிக்கிற வயசு இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். உணவகத்தில் ஒயின் பரிமாறும் சோமெலியே வேலையில் இந்தக் குழப்பத்தை அடிக்கடி பார்க்கிறேன். இதற்கு நேரெதிரான குழப்பம் இன்னும் மோசம். அதைப் பிறகு சொல்கிறேன்.

திராட்சைத் தோலிலும் விதையிலும் இருந்து வரும் டானின், உமிழ்நீரில் உள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. வாயின் வழுவழுப்பு போய், உலர்ந்து இறுகியது போல ஆகிறது. வாழைக்காயைப் பச்சையாகக் கடித்தவர்களுக்கும் பாக்கு மென்றவர்களுக்கும் தெரிந்த உணர்வுதான். நமக்கு இதற்குத் துவர்ப்பு என்று தனிச் சொல்லே இருக்கிறது. சுவைக்கப் பழகிய நாட்களில் அது எனக்குப் பெரிய உதவி. கசப்பு வேறு, புளிப்பு வேறு, துவர்ப்பு வேறு. மூன்றையும் பிரித்துச் சொல்ல வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அன்றைக்கு அந்த ஒயினை டிகேன்டர் என்ற கண்ணாடிக் குடுவையில் ஊற்றிக் காற்றாட விட்டு, ஆட்டிறைச்சி வந்த பிறகு மறுபடி பரிமாறினேன். இறைச்சியின் புரதமும் கொழுப்பும் டானினைத் தாங்கிக்கொண்டன. அவர் இரண்டாவது கிண்ணம் கேட்டார்.

இந்த இறுக்கத்துக்குப் பொய்யாக்கில் உள்ள ஷாத்தோ லத்தூர் பண்ணையின் ஒயின் நல்ல உதாரணம். 1855-இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ ஒயின்களைத் தரம் பிரித்தபோது முதல் தரம் பெற்ற பண்ணைகளில் அதுவும் ஒன்று. அதன் நடுப்பகுதியான 47 ஹெக்டேர் நிலம் ஜிரோந்த் கழிமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேலே சரளை, அடியில் களிமண். அங்கே பெரும்பாலும் விளைவது கேபர்னே சாவின்யோன் என்ற திராட்சை வகை. சின்ன மணி, தடித்த தோல், அதனால் டானின் அதிகம். நல்ல ஆண்டின் லத்தூர் இருபது, முப்பது வருடம் கழித்துத்தான் முழுசாக மலரும்.

ஆனால் போர்தோவின் வழக்கம் அவ்வளவு காலம் காத்திருப்பதில்லை. அறுவடைக்கு அடுத்த வசந்தத்தில், ஏறக்குறைய ஆறு மாத ஒயினைப் பீப்பாயிலிருந்து எடுத்து வணிகர்களுக்கும் விமர்சகர்களுக்கும் சுவைக்கக் கொடுப்பார்கள். பாட்டிலில் அடைக்கும் முன்பே விலை வைத்து விற்றும் விடுவார்கள். 'ஆன் ப்ரிமர்' என்று அதற்குப் பெயர். 2012-இல் லத்தூர் இதிலிருந்து விலகுவதாக அறிவித்தது. இப்போது தன் நிலவறையிலேயே வைத்திருந்து, பக்குவம் வந்தது என்று தோன்றும்போதுதான் வெளியே விடுகிறது. அது சரியான முடிவு என்பேன். பீப்பாயிலிருந்து சுவைக்க எடுத்த ஒயின் காற்றுப் பட்டால் சீக்கிரம் மாறிவிடும். இறுதிக் கலவையும் அதுவே என்று உறுதியில்லை. அதற்கு விமர்சகர்கள் போட்ட மார்க்கை மட்டும் நம்பிச் சேமிப்பைக் கொட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

சரி, இளம் ஒயினில் எதைப் பார்ப்பது? லேபிளை மறைத்துவிடுங்கள். பெரிய பெயர் கண்ணில் பட்டால் நாக்கு அதற்குத் தலையாட்டிவிடும். சூடு 16 முதல் 18 டிகிரிக்குள் இருக்கட்டும். ரொம்பக் குளிர்ந்தால் டானின் முரடாகத் தெரியும், சூடானால் ஆல்கஹால் மூக்கில் ஏறும். சீஸ் வேண்டாம், அது துவர்ப்பை மழுப்பிவிடும். டானின் எவ்வளவு என்பதைவிட அது எப்படிப்பட்டது என்பதைத்தான் நான் கவனிப்பேன். மணல்போல் நறநறக்கிறதா, நெருக்கமாக நெய்த துணிபோல் ஒரே சீராகப் படிகிறதா? புது ஓக் பீப்பாயின் வனிலா வாசனைக்கு அடியில் பழம் உயிரோடு இருக்கிறதா? துப்பிய பிறகு மணம் எத்தனை விநாடி நிற்கிறது? பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஒரு விநாடிக்குக் 'கோதாலி' என்று பெயரே வைத்திருக்கிறார்கள். துவர்ப்பு மட்டும் மிஞ்சிப் பழம் மறைந்துவிட்டால், அந்த ஒயின் வயதானால் காய்ந்துதான் போகும்.

துப்புவது என்று சொன்னேனே, அதை விட்டுவிடாதீர்கள். துப்பினாலும் கொஞ்சம் உடலில் ஏறத்தான் செய்யும், சுவைத்துவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். இவ்வளவு குடித்தால் பாதிப்பில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்று சொல்லி நான் யாருக்கும் ஊற்றுவதில்லை.

இப்போது அந்த நேரெதிர்க் குழப்பம். வேலையில் சேர்ந்த புதிதில், பேர்பெற்ற பண்ணை ஒன்றின் இளம் ஒயினைத் திறந்தேன். நனைந்த அட்டைப்பெட்டி வாடை லேசாக அடித்தது. "இளசு, கொஞ்ச நேரத்தில் விரியும்" என்று சொல்லிப் பரிமாறிவிட்டேன். விரியவில்லை, வாடைதான் கூடியது. அது கார்க்கிலிருந்து வரும் டிசிஏ என்ற சேர்மம். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரியும், பழ வாசனையையும் அமுக்கிவிடும். பெயருக்கு மரியாதை கொடுத்து விருந்தினரும் ஒன்றும் சொல்லாமல் குடித்து, முழுப் பணமும் கட்டிவிட்டுப் போனார். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் சந்தேகம் வந்தால் கிண்ணத்தைச் சுழற்றி, இருபது நிமிடம் வைத்துவிட்டு மறுபடி முகர்ந்து பாருங்கள். தீக்குச்சி வாசனை போன்ற கந்தக நெடி காற்றுப் பட்டால் பெரும்பாலும் விலகும். அட்டை வாடை விலகாது. நகப்பாலீஷ் நெடி, காடி நெடி தூக்கலாக இருந்தாலும் அதற்கு இளமை காரணமில்லை. அப்போது பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கலாம். பரிமாறுபவரைக் கூப்பிட்டு, அவரையே முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள்.